அறுபத்தைந்து பாகை

பில் கொடுத்தால் நாலாயிரம் வரை திருப்பித் தருவார்கள்.
செவ்வாயும் வியாழனும் ஆபீஸ்.
மற்ற நாள் ஈஜிப்புரா, இரண்டாம் மாடி,
ஒரு ஹால், ஒரு ஜன்னல்,
ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் அடுத்த வீட்டுச் சுவர்.

லேப்டாப்போடு பிறந்த கேமரா
என் முகத்தை மோவாயிலிருந்து தொடங்கும்.
மூக்குத் துவாரத்தை முன்னிறுத்தி
இரண்டு வருடம் இன்சூரன்ஸ் கிளெய்ம் பேசியிருக்கிறேன்.
மாலை ஆறுக்கு மேல் நான் கிடையாது;
பல்லும் கண்ணும் மட்டும் மீட்டிங்கில் கலந்துகொள்ளும்.
"உனக்கு வெளிச்சம் போதவில்லை" என்றான் தீபாங்கர்.
பிறகுதான் தெரிந்தது,
அது பின்னாலிருக்கும் வெள்ளைச் சுவரை அளந்துவிட்டு
அதற்குத் தோதாக என்னை இருட்டாக்குகிறது.
சுவருக்குத்தான் முதல் தாம்பூலம்.

ஐடி பிரிவில் ஒன்றைக் கடனாகக் கொடுத்தார்கள்.
முப்பத்தெட்டாயிரமாம். கீறல் விழக் கூடாதாம்.
கழுத்து உள்ள கேமரா.
யார் அசைகிறாரோ அவரைப் பார்த்துத் தானே திரும்பும்.
நிறமும் சரியாக வந்தது.
என் வீட்டுக் கண்ணாடியும் என் கம்பெனியும்
அன்றுதான் ஒரே முகத்தைப் பார்த்தன.

புதன்கிழமை, பதினொன்றரை.
ஸ்டுட்கார்ட்டில் இருவர், குர்கானில் ஒருவர்.
மூன்றாம் காலாண்டில் எத்தனை கிளெய்மைத் தள்ளினோம் என்று
நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கையில்
ஹனுமக்கா துடைப்பத்தோடு உள்ளே வந்தார்.

கேமரா என்னை விட்டது.

கல்யாண மண்டபத்தில் பெரிய மனிதர் நுழைந்ததும்
வீடியோக்காரர் திரும்புவாரே, அப்படித் திரும்பியது.
சோபாவுக்கு அடியில் அவர் குனிய, அதுவும் குனிந்தது.
பக்கெட் எடுக்கப் போனார்;
வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு
வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.
இந்த அறையில் வேலை செய்கிறவர் யார் என்பதில்
அதற்கு ஒரு சந்தேகமும் இல்லை.

திரையில் தன்னைக் கண்டார் ஹனுமக்கா.
முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு
"நமஸ்காரா" என்றார், ஸ்டுட்கார்ட்டுக்கு.
ஸ்டுட்கார்ட் கையசைத்தது.
யார் அது, என்று சிரித்தபடிதான் கேட்டார்கள்.
"மன்னிக்கவும், பின்னணித் தொந்தரவு" என்றேன்.
ஆங்கிலத்தில் சொன்னேன்.
அவருக்கு ஆங்கிலம் தெரியாது.
தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை, எஸ்.பி. ரோடு, பாரஸ்மல் கடை.
நாலு பெட்டியைக் கவுண்டரில் அடுக்கினார்.
இது தொண்ணூறு டிகிரி, முழு ஹாலும் விழும் மேடம்.
என் முழு ஹாலில்
கொடித்துணியும் கேஸ் சிலிண்டரும்
மடிக்காத ஒரு வாரமும் இருக்கின்றன.
இது ஃபோர் கே.
எனக்கே தெரியாத பரு அவர்களுக்கு எதற்கு?
இது முகத்தைப் பளபளப்பாக்கும் என்று போட்டுக் காட்டினார்.
மைதாவில் பிசைந்த தங்கை ஒருத்தி எனக்கு
அங்கே முளைத்து எட்டிப் பார்த்தாள்.
அணைக்கச் சொன்னேன்.
"ஆளைத் துரத்துகிற மாடல் வந்திருக்கு, புதுசு."
"வேண்டாம். வைத்த இடத்தில் இருந்தால் போதும்."

கறுப்பைக் கறுப்பாகக் காட்டுவதாய்,
அறுபத்தைந்துக்கு மேல் ஆசைப்படாததாய்,
மூடி போட்டதாய் ஒன்று.
மூவாயிரத்து எழுநூற்றைம்பது, ஜிஎஸ்டி சேர்த்து.
மைக்கைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.
கீழ்வீட்டுக் குக்கர் விசில் இன்றும் ஜெர்மனி போய் வருகிறது.

இப்போதெல்லாம் ஹனுமக்கா வாசலில் நின்று
கன்னடத்தில் கேட்கிறார், கண் திறந்திருக்கிறதா என்று.
தலையாட்டுகிறேன்.
சுவரை ஒட்டிப் பெருக்கிக்கொண்டு வருகிறார்.
அறுபத்தைந்து பாகை எங்கே முடிகிறதென்று
தரையில் யாரும் கோடு கிழிக்கவில்லை.
பெட்டி மேலும் அந்தப் படம் இல்லை.
துடைப்பம் சரியாக அங்கே வந்து நிற்கிறது,
திரும்புகிறது.

என் நாற்காலியைச் சுற்றி,
படத்தில் விழுகிற பக்கம் மட்டும்
தூசி அப்படியே கிடக்கிறது.